குறுக்கே ஒரு கால்

குளியலறை வாசலில் டீச்சரின் கால்கள் நின்றுவிட்டன. அவள் நிறுத்தவில்லை. அவையாகவே நின்றன. நிலைப்படிக்கு ஒரு சாண் முன்னால் இரண்டு பாதமும் பசை போட்டு ஒட்டியது போலத் தரையைப் பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் முன்னால் போகப் பார்த்தது. அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் தோளில் துண்டோடு கணவர் காத்திருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். வீட்டில் இவளும் அப்படித்தான். இவள் ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். "வீட்ல ரெண்டு பேரும் வாத்தியார், படிக்கத்தான் ஆள் இல்ல" என்பது அவருடைய பழைய ஜோக்.

"என்ன டீச்சர், சிக்னலா?" என்றார். "பச்சை விழுந்து ரொம்ப நேரமாச்சு. பின்னால வண்டியெல்லாம் நிக்குது."

டீச்சர் சிரித்தாள். முகத்தில் அது வந்து சேர்ந்திருக்காது என்று அவளுக்கே தெரியும். நோய் முதலில் எடுத்துக்கொண்டது முகத்தைத்தான். உள்ளே எவ்வளவு சிரித்தாலும் வெளியே 'உம்' என்றுதான் இருக்கும்.

"கோவத்தப் பாரு. சரி சரி, பர்ஸ்ட் கியர் போடு. மெதுவா கிளட்ச்ச விடு. ம், சீக்கிரம், எனக்கு ஒம்போது மணிக்கு ஆள் வந்துடுவான்."

சீக்கிரம் என்ற சொல்லைக் கேட்டதும் கால்கள் இன்னும் கொஞ்சம் இறுகின.

"அப்பா, நீங்க தள்ளுங்க." மகள் தன் அறையிலிருந்து வந்தாள். வாடிக்கையாளர்களின் புகாரைப் போனில் கேட்கும் வேலை. இரவு ஷிப்ட் முடித்து வந்து இன்னும் படுக்கவில்லை. ஹெட்போன் அழுத்திய தடம் தலைமுடியில் அப்படியே இருந்தது. அவள் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். தன் வலது காலை நீட்டி, அம்மாவின் பாதங்களுக்கு முன்னால் குறுக்கே வைத்தாள், ஒரு கட்டையைப் போட்டது போல.

"தாண்டும்மா."

டீச்சர் குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். நகப்பூச்சு பாதி உரிந்த கால். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கால் மேலே எழும்பி, மகளின் காலைத் தாண்டி, நிலைப்படியையும் தாண்டி உள்ளே போய் ஊன்றியது. அடுத்த காலும் அதன் பின்னாலேயே போனது.

"அவ்வளவுதான்," என்றாள் மகள், கொட்டாவியோடு.

பார்க்கின்சன் நோயில் இது ஒரு வேடிக்கை. சும்மா நட என்றால் கால் கேட்காது. குறுக்கே ஒன்று கிடந்து, அதைத் தாண்டு என்றால் கேட்கும். யோசிக்காமல் நடப்பதற்கு மூளையில் ஒரு வழி, பார்த்துத் தாண்டுவதற்கு வேறொரு வழி. டீச்சருக்கு முதல் வழி கெட்டுப்போயிருந்தது. அந்த வித்தையை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் பயிற்சி வகுப்பின் தெரபிஸ்ட். காலையில் எழுந்ததும்தான் டீச்சருக்கு மோசமாக இருக்கும். ராத்திரி போட்ட மாத்திரை தீர்ந்திருக்கும், காலையில் போட்டது இன்னும் வேலையை ஆரம்பித்திருக்காது. அந்த நேரத்துக்கு அம்மாவோடு இருக்க வேண்டும் என்றுதான் மகள் இரவு ஷிப்ட் கேட்டு வாங்கியிருந்தாள். ராத்திரி முழுக்க யார் யாரிடமோ 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று தேன் வழியச் சொல்லிவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்த பிறகு சொல்வதற்கு எதுவும் மிச்சமிருக்காது. காலை மட்டும் வைப்பாள்.

டீச்சருக்கு அது போதும். அந்தக் கால் இருக்கும்வரை இந்த வீட்டில் தான் தரையில் விழாமல் ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

பயிற்சி நடந்தது ஒரு பூப்பந்து மைதானத்தில். மேலே தகரக் கூரை, உள்ளே மரத் தரை. காலையில் விளையாடுகிறவர்கள் போன பிறகு தெரபிஸ்ட் வலையைக் கழற்றி ஓரமாகச் சுருட்டி வைப்பாள். தரையில் மஞ்சள் டேப்பைக் குறுக்குக் குறுக்காக ஒட்டுவாள், ஏணிப் படிகளைப் படுக்க வைத்தது போல. ஒல்லியான பெண். எதையாவது தட்டிக்கொண்டே இருப்பாள், நாற்காலி, சுவர், தன் தொடை. வகுப்புக்கு வரும் வக்கீல் அவளுக்குத் 'தாளம்மா' என்று பெயர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது.

வகுப்பு பதினோரு மணிக்கு. பத்து மணி மாத்திரை நன்றாகப் பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் தாளம்மா அதை வைத்திருந்தாள். ஸ்பீக்கர் பெட்டியில் பாட்டைப் போடுவாள், அதன் மேல் கைதட்டுவாள். தட்டுக்கு ஒரு கோடு. கோட்டுக்கு ஒரு கால்.

அங்கே டீச்சர் நடந்தாள். யார் மேலும் சாயாமல், எதையும் பிடிக்காமல், கை வீசி நடந்தாள். கடைசிக் கோட்டுக்கு வந்ததும் பெரிய வளைவாகச் சுற்றித் திரும்பினாள். பக்கவாட்டில் அடி வைத்தாள். இன்னொருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போய் வந்தாள். கரும்பலகையில் எழுதும் எழுத்து நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போய், 'டீச்சர், எறும்பு எழுதுது' என்று பின் பெஞ்சுப் பிள்ளைகள் சிரித்த நாளில் வேலையை விட்டவள் அவள். அதற்குப் பிறகு அவளுடைய குரல், அடி, கைவீச்சு எல்லாமே அந்த எழுத்தைப் போலச் சின்னதாகிக்கொண்டே வந்தன. இங்கே மட்டும் எல்லாம் பழைய அளவில் இருந்தது.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் தாளம்மா எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தாள்.

"அடுத்த வாரம் வீட்ல இருக்கிறவங்களக் கூட்டிட்டு வாங்க. நீங்க என்னெல்லாம் பண்றீங்கன்னு அவங்க பாக்கணும். அவங்க பாத்தாதான் வீட்லயும் இத செய்ய உதவியா இருப்பாங்க."

"என் வீட்ல யாரும் வரமாட்டாங்க," என்றார் வக்கீல். அவருக்கும் இதே நோய்தான். வலது கை எப்போதும் காசை எண்ணுவது போல ஆடிக்கொண்டிருக்கும்.

"ஏன் சார்? பிசியா?"

"நான் சொல்லமாட்டேன்மா, அதனால வரமாட்டாங்க. எதிர்க்கட்சிக்கு நாமளே போய் சாட்சியக் கொண்டுபோய்க் குடுக்கலாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் உள்ளே சிரித்தாள். எப்போதும் போல ஏதோ கோர்ட்டு நகைச்சுவை என்று நினைத்தாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஒரே நினைப்புதான். மகள் வந்து பார்க்க வேண்டும். பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு தெம்பு வரும், அம்மா மொத்தமாகப் போய்விடவில்லை என்று. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிற பிள்ளைக்குக் கொடுக்கத் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது?

மூன்று பேரும் டிரைவிங் ஸ்கூல் காரில் போனார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும் கார். பழகுகிறவர்கள் ஓட்டும்போது மாஸ்டர் அந்தப் பக்கம் உட்கார்ந்து அதன் மேல் காலை வைத்துக்கொள்வார். இப்போது அங்கே டீச்சர் உட்கார்ந்திருந்தாள்.

"பிரேக்ல கால் படக்கூடாது, சொல்லிட்டேன்," என்றார், ஒவ்வொரு தடவையும் சொல்வது போல. அவள் கால்களை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டாள்.

மைதானத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பாட்டு தொடங்கியது. தாளம்மா தட்டினாள். டீச்சர் முதல் கோட்டைத் தாண்டினாள்.

அவள் அன்றைக்கு நடந்தது போல என்றைக்குமே நடந்ததில்லை. உடம்பு லேசாக இருந்தது. கை தானாக வீசியது. திரும்பும் இடத்தில் வளைவைக் கொஞ்சம் பெரிதாகவே எடுத்தாள், மகளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. வக்கீலோடு கைகோத்து முன்னும் பின்னும் ஆடினாள். "டீச்சர், என் கைதான் ஆடுது, நீங்க மொத்தமா ஆடுறீங்களே" என்றார் அவர். முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். மாஸ்டர்தான் அதிகச் சத்தமாகத் தட்டினார். போனில் வீடியோப் படமும் எடுத்திருந்தார்.

டீச்சர் மகளின் முகத்தைத் தேடினாள். வயிற்றுவலி என்று வந்து நிற்கும் பிள்ளைகளில் யாருக்கு நிஜமாக வலிக்கிறது, யார் வாய்ப்பாடு ஒப்பிக்கப் பயந்து சொல்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறவள் அவள். மகளின் முகத்தைப் படிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அதில் சந்தோஷம் இல்லை. கணக்கில் ஏதோ உதைக்கிறது என்று கண்டுபிடித்த முகம் அது.

மாஸ்டர் தாளம்மாவிடம் போனார். "ஏம்மா, இவ்வளவு நல்லா நடக்கிறவங்க வீட்ல மட்டும் ஏன் நட்டு வச்ச கம்பம் மாதிரி நிக்கிறாங்க?"

தாளம்மா உற்சாகமாக விளக்கினாள். மாத்திரை பிடிக்கும் நேரம், கோடு, தாளம், அகலமான இடம், அவசரப்படுத்த ஆள் இல்லாதது. "வெளியிலேர்ந்து ஒரு தூண்டுதல் வேணும் சார். அது இருந்தா நடப்பாங்க. இல்லன்னா முடியாது. ரெண்டும் நிஜம்தான்."

"அதாவது பாட்டு போட்டா ஓடும், நிறுத்தினா நின்னுடும்."

"ஆமா சார், கிட்டத்தட்ட."

"மனுஷியா, ரேடியோவா?" என்றார் மாஸ்டர். தாளம்மா அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

திரும்பும்போது பாதி வழியில் மகள் பின் இருக்கையிலிருந்து கேட்டாள்.

"அங்க யாரும்மா குறுக்க கால் வச்சாங்க?"

"கோடு..." என்றாள் டீச்சர். அவளுடைய குரலையும் நோய் பாதி தின்றிருந்தது. எஞ்சின் சத்தத்தில் அது பின்னால் போய்ச் சேரவில்லை.

"என்ன முணுமுணுக்கிற?" என்றார் மாஸ்டர்.

மறுநாள் காலை குளியலறை வாசலில் கால்கள் நின்றன. மகள் வந்தாள். காலை வைக்கவில்லை. சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீயே வாம்மா. முயற்சி பண்ணு."

டீச்சர் முயற்சி செய்தாள். தரையில் கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டாள். மனசுக்குள் தட்டிப் பார்த்தாள். மகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்ற நினைப்பு எல்லாத் தட்டையும் அமுக்கியது. மாஸ்டர் போனோடு வந்து, முந்தின நாள் படத்தைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி அவள் காதருகே பிடித்தார். பாட்டும் கைதட்டலும் கரகரவென்று வந்தன. திரையில் சின்னதாக ஒரு டீச்சர் கை வீசி நடந்துகொண்டிருந்தாள்.

"ம், பாட்டு வந்தாச்சு. கெளம்பு."

கால்கள் நகரவில்லை.

"பாத்தியா?" என்றார் மாஸ்டர் மகளிடம். "பாட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்க நாலு பேரு கை தட்டுறாங்க. இங்க யாரு தட்டுவா? அதான் விஷயம்."

டீச்சர் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியதை அவள் ராத்திரி முழுக்கக் கோத்து வைத்திருந்தாள். "உங்ககிட்ட... நல்லா ஓட்டுறவன்... டெஸ்ட்ல ஆஃப் பண்ணிடறான்ல? அவன்... நடிக்கிறானா?"

நல்ல வாதம்தான். கேட்டிருந்தால் மாஸ்டருக்குக்கூடப் புரிந்திருக்கும். லைசென்ஸ் டெஸ்டில் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்ததும் கை கால் உதறி வண்டியை நிறுத்திவிட்டு அழுதவர்களை அவர் எத்தனையோ பேரைத் தேற்றியிருக்கிறார். ஆனால் அவள் பாதி சொல்வதற்குள் அவர் சமையலறைக்குப் போய் டீ கேட்டுக்கொண்டிருந்தார். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்து தானே அடுப்பைப் பற்ற வைத்தார்.

மகள் மட்டும் நின்றாள். "நான் தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? டீம் லீடர் போஸ்ட் வந்துச்சு, பகல் ஷிப்ட்னு வேணாம்னுட்டேன். நடக்க வரும்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லம்மா."

"வராது..."

"நேத்து வந்துச்சே!" மகள் சுவரை விட்டு எதிரில் வந்து நின்றாள். "என்னைப் பாரு. மூஞ்சியில ஒண்ணாவது தெரியுதா பாரு. கல்லு மாதிரி நிக்கிற. நான் கத்துறேன், உனக்கு ஒண்ணுமே இல்ல."

டீச்சருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. முகம் சும்மா இருந்தது.

படம் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் போனது. மாஸ்டர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார், கொஞ்சம் வேறு எண்ணமும் கலந்திருக்கலாம். நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, உங்க டான்ஸ் பாத்தேன். எனக்கே முட்டிவலி, உங்கள மாதிரி ஆட முடியாதுப்பா. எங்க அண்ணந்தான் பாவம், சமையலும் பண்ணிட்டு..." வாழ்த்துச் சொன்னதா, ஊசி ஏற்றினதா என்று பிரித்தெடுக்க முடியாதபடி பேசுவதில் நாத்தனார் கெட்டிக்காரி.

அடுத்த வாரத்திலிருந்து மகள் பகல் ஷிப்ட் போனாள். "நான் கொஞ்ச நாள் கையைப் பிடிக்காம இருந்தா நீயே பழகிடுவ. அந்தப் பொண்ணு சொன்ன மாதிரிதான்." தாளம்மா சொன்னது அதற்கு நேர் எதிர். ஒரே பேச்சைக் கேட்டுவிட்டு ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஒரு காலை டீச்சர் குளியலறை வாசலில் விழுந்தாள். பெரிய அடி இல்லை. இடுப்பு ஈரத் தரையில் பட்டு, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, நிலைப்படியில் கட்டிப் போட்டது போல உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எழுந்திரு டீச்சர். பாட்டு போடவா?"

பிறகு தூக்கித்தான் விட்டார். கைக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பில் மருந்தும் தேய்த்தார். மனுஷர் கெட்டவர் இல்லை. ஆனால் தேய்க்கும் கையில் 'எனக்குத் தெரியாதா' என்று ஒன்று இருந்தது. அதற்குப் பேசாமல் தரையிலேயே கிடந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

வகுப்பில் ஓய்வு நேரத்தில் வக்கீல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்காலியில் அவள் ஒருக்களித்து உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்தார்.

"விழுந்தீங்களா?"

தலையாட்டினாள்.

"வீட்ல நம்பலையாக்கும். எனக்கு முன்னமே ஆச்சு டீச்சர். ஒரு கல்யாணத்துல பாட்டு போட்டாங்க, நான் பாட்டுக்கு எழுந்து விறுவிறுன்னு மேடைக்குப் போயிட்டேன். அன்னிலேர்ந்து என் மருமக எனக்கு டம்ளர எட்டத்துல வைக்கிறா, 'மாமா எழுந்து எடுத்துக்குவாரு'ன்னு." ஆடும் வலது கையை இடது கையால் அமுக்கிக்கொண்டார். "எத்தனையோ பொய்ச் சாட்சிய உடைச்சிருக்கேன். சொந்த உடம்பே வந்து எதிரா நிஜத்தச் சொன்னா என்ன குறுக்கு விசாரணை பண்றது?"

"நீங்க... அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே. சிரிச்சீங்க எல்லாரும்."

டீச்சர் தாளம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். தாளம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"என் தப்புதான்மா. நல்லா வர்றத மட்டும் காட்டிட்டேன். நீங்க இன்னொரு தடவை அவங்களக் கூட்டிட்டு வாங்க. முதல்ல பாட்டோட நடக்கிறது, அப்புறம் பாட்டு இல்லாம என்ன ஆகுதுன்னு ரெண்டையும் காட்டிப் புரிய வைக்கிறேன். கட்டாயம் புரிஞ்சுப்பாங்க."

டீச்சர் அந்த இளம் முகத்தைப் பார்த்தாள். நம்பிக்கை நிறைந்த முகம். எழுதிப் போட்டுவிட்டால் எல்லாருக்கும் கணக்கு புரிந்துவிடும் என்று தானும் ஒரு காலத்தில் நம்பியவள்தான். இரண்டையும் காட்டினால் என்ன ஆகும்? பாட்டோடு நடந்ததை நிஜம் என்பார்கள். பாட்டு இல்லாமல் நின்றதை நடிப்பு என்பார்கள். அவளால் நடக்க முடியும் என்பதற்கு ஒரே ஒரு படம் போதும், அது ஏற்கெனவே உறவுக்காரர்கள் போனில் எல்லாம் இருக்கிறது.

சரி என்று தலையாட்டினாள்.

அந்த நாள் வந்தது. அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். மாஸ்டர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். மகள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். மாத்திரை நன்றாகவே பிடித்திருந்தது. டீச்சருக்கு உடம்பு முழுக்க எண்ணெய் விட்டது போல இருந்தது.

தாளம்மா பாட்டைப் போட்டாள். தட்டத் தொடங்கினாள்.

முதல் கோட்டின் முன்னால் டீச்சர் நின்றாள். கோடு மஞ்சளாக, பளிச்சென்று கிடந்தது. தட்டு தரை வழியாகப் பாதத்தில் ஏறியது. வலது குதிகால் எழும்பிவிட்டது. அவள் அதை அழுத்திக் கீழே வைத்தாள்.

அது அவ்வளவு சுலபமாக இல்லை. இத்தனை நாள் நகராத காலை நகர்த்தப் பட்ட பாட்டைவிட, நகரத் துடிக்கும் காலைப் பிடித்து வைப்பது பெரும்பாடாக இருந்தது. தொடை நடுங்கியது. முழங்கால் தட்டுக்குத் தட்டு மடங்கப் பார்த்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். முகத்தைப் பற்றி மட்டும் கவலை இல்லை. அது எதையும் காட்டிக்கொடுக்காது. இந்த நோய் அவளுக்குச் செய்த ஒரே உதவி அதுதான்.

"வாங்கம்மா," என்றாள் தாளம்மா. "கோட்டைப் பாருங்க. தாண்டுங்க." இன்னும் பலமாகத் தட்டினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். வக்கீல் போகிற போக்கில் அவளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் உடம்பை முன்னால் சாய விட்டாள், குளியலறை வாசலில் சாய்வது போலவே. பிடிக்க அங்கே கதவுச் சட்டம் இல்லை. நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"அம்மா!"

மகள் ஓடி வந்து தோளைப் பிடித்தாள். மறுகணமே அவளுடைய வலது கால் நீண்டு, மஞ்சள் கோட்டின் மேலேயே குறுக்காக வந்து நின்றது. அலுவலகச் செருப்போடு.

"தாண்டும்மா. மெதுவா. நான் இருக்கேன்."

டீச்சர் தாண்டவில்லை. தாண்டினால் அதற்கும் ஒரு அர்த்தம் வந்துவிடும் என்று பயமாக இருந்தது. மகளின் தோளில் சாய்ந்துகொண்டாள். மகள் அழுதுகொண்டிருந்தாள். "ஐயோ, பாட்டு போட்டும் வரல பாருங்கப்பா. நிஜமாவே வரல. நாமதான்..."

மாஸ்டர் எழுந்து நின்றார். எந்த ஜோக்கும் வரவில்லை அவருக்கு. "நிறுத்தும்மா அத," என்றார் தாளம்மாவிடம். பாட்டு நின்றது.

தாளம்மாவின் கைகள் தட்டுவதற்கு விரித்தபடியே நின்றுவிட்டன. "போன வாரம்கூட... சில நாள் அப்படித்தான் சார் இருக்கும். மாத்திரை சரியா பிடிக்காம... டாக்டர்கிட்ட கேட்டு..."

"வேணாம்மா. உங்க மேல தப்பு சொல்லல. அன்னிக்கு என்னமோ ஒரு வேகத்துல நடந்துட்டா. அத நெஜம்னு நெனச்சு நான் அவள..." கார் சாவியைத் தேடி எடுத்தார். "இதுக்கு மேல இவள நிக்க வச்சு வதைக்க வேணாம். வீட்ல எங்ககூட இருக்கட்டும்."

"ஆமாம்மா, இனிமே இங்க வர வேணாம்," என்றாள் மகள், அம்மாவின் நெற்றியைத் துடைத்தபடி. "நான் பழைய ஷிப்ட்டுக்கே மாத்திக்கிறேன். காலைல நான் இருப்பேன். சரியா?"

டீச்சர் இதை எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தவள், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். மரத் தரையைப் பார்த்தாள். மஞ்சள் கோடுகள் அந்தப் பக்கச் சுவர் வரை போயின. வர வேண்டும் என்று சொன்னால் 'எதுக்கு' என்று கேட்பார்கள். எதற்கு என்று சொன்னால் எல்லாம் போய்விடும்.

"சரி," என்றாள்.

தாளம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இன்னும் நல்லா சொல்லிக்குடுத்திருக்கணும்மா." டீச்சர் அவள் கையை அழுத்தினாள். அதற்கு மேல் என்ன செய்தாலும் உண்மை வெளியே வந்துவிடும். வக்கீல் ஓரமாக நின்றிருந்தார். கடந்து போகும்போது, "ஜெயிச்சுட்டீங்க," என்றார் மெதுவாக. பாராட்டுவது போல இல்லை.

மைதானத்திலிருந்து வெளியே போகச் சின்னக் கதவு ஒன்றுதான். அதற்குள் தாளம்மா மற்றவர்களுக்காக மறுபடி பாட்டைப் போட்டிருந்தாள். தட்டு பின்னாலிருந்து வந்தது. டீச்சரின் கால்கள் கதவைத் தாண்டத் தயாராக இருந்தன. அவள் நின்றாள். மகள் காலை வைத்தாள். டீச்சர் வழக்கமாக ஆகும் நேரத்தை ஆக விட்டு, பிறகு தாண்டினாள்.

"பாத்தீங்களாப்பா, இதுக்கு வருது," என்றாள் மகள் பெருமையாக.

காரில் பழைய இடத்தில் உட்கார வைத்தார்கள். மாஸ்டர் சுற்றிப் போய் ஓட்டும் இருக்கையில் ஏறினார். ஜன்னல் திறந்திருந்தது. தகரக் கூரைக்குக் கீழேயிருந்து பாட்டு தெளிவாகக் கேட்டது, கைதட்டலும். டீச்சரின் வலது கால் மெல்ல ஆடத் தொடங்கியது. ஒரு தட்டு, இன்னொரு தட்டு. பின்னால் மகள் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவசரமாகக் காலை முன்னால் நீட்டி, எதிரில் இருந்த பிரேக்கின் மேல் வைத்து, பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள்.

வண்டி உறுமியது, நகரவில்லை.

"என்ன ஆச்சு இதுக்கு?" மாஸ்டர் இன்னொரு தடவை முயன்றார். பிறகு குனிந்து பார்த்தார். "ஓ. டீச்சர், கால்..." என்று வழக்கம்போலத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"அம்மாவால எடுக்க முடியாதுப்பா," என்றாள் மகள்.

"தெரியுது, தெரியுது. எனக்குத் தெரியாதா."

அவர் இறங்கினார். முன்பக்கமாகச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். ரோட்டில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்து, அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து, பிரேக்கிலிருந்து எடுத்து, ஏதோ உடையும் பொருளை வைப்பது போல ஓரமாக வைத்தார். உள்ளே பாட்டு இன்னும் போய்க்கொண்டிருந்தது. அவர் கைக்குள் இருந்தவரை டீச்சர் அந்தக் காலை அசையாமல் வைத்திருந்தாள்.